புது பிக்கப் போட்டும் சவுண்டு சரியில்லையா? அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்ய

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும், வயர் சுற்றிய காந்தப் பகுதி) மாற்றிய எலக்ட்ரிக் கிட்டார்கள் என் மேசைக்கு அநேகமாக ஒரே புகார்களோடுதான் வருகின்றன. "பழசே பரவாயில்ல." "டெமோவில கேட்டது வரல." "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னே தெரியல." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிக்கப்பில் குற்றம் இருக்காது. உயரம், வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள பொட்டன்ஷியோமீட்டர்), கேபிள், சரியாகப் பிடிக்காத ஒரு சால்டர் என்று வேறு எங்காவது போய் முடியும். அதனால் அடுத்த பிக்கப்புக்கு ஆர்டர் போடும் முன் கீழே உங்கள் அறிகுறியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வரிசையாக இறங்குங்கள். காசு கேட்காத சோதனைகள் முதலில், பணம் கேட்பவை கடைசியில்.

தேவையானவை: சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மில்லிமீட்டர் கோடு தெளிவாக உள்ள ஸ்டீல் ஸ்கேல், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேபிள், இரண்டு க்ரோக்கடைல் கிளிப். சால்டரிங் அயர்ன் பிறகுதான். பழைய பிக்கப்பைக் கழற்றும் முன் வயரிங்கை இரண்டு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரே ஒரு அறிகுறிக்கு மட்டும் சோதனை கிடையாது. கம்பியைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஆம்பிலோ வீட்டு எர்த்திலோ கோளாறு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். பிறகு எலக்ட்ரீஷியன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த அளவு

கேபிளைக் கிட்டாரில் சொருகி, மறுமுனையை ஆம்பில் போடாமல் வெளியே வையுங்கள். வால்யூம், டோன் இரண்டும் முழுதாகத் திறந்திருக்கட்டும். மீட்டரை 20 கிலோ ஓம் ரேஞ்சுக்கு மாற்றி, ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும் மற்றதை அதன் உடம்பிலும் வையுங்கள். ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வகை சிங்கிள் காயில், அதாவது ஒரே வயர்ச் சுருள் உள்ள பிக்கப் என்றால் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை வரும். பி-90 (கிப்சனின் பெரிய சிங்கிள் காயில்), பழைய கிப்சன் பாணி ஹம்பக்கர் (ஹம்மை அடக்க இரண்டு காயில் சேர்ந்தது) எல்லாம் 7 முதல் 9 வரை. அதிகச் சத்த ஹம்பக்கர்களில் டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 13 சொச்சம், சீமோர் டங்கன் ஜேபி 16 சொச்சம். ஸ்விட்ச் நடுவில் இருந்து இரண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும்போது எண் ஏறத்தாழப் பாதியாகும், அது சரிதான்.

மீட்டரில் ஓ.எல். (ரேஞ்சைத் தாண்டிவிட்டது) என்று வந்தாலோ, ரேஞ்சைக் கூட்டினால் சில நூறு கிலோ ஓம் காட்டினாலோ எங்கோ அறுந்திருக்கிறது. நூறு கிலோக் கணக்கில் வருவது பாட்டின் எண், பிக்கப்புடையது இல்லை. பூஜ்யம் என்றால் ஷார்ட். ஹம்பக்கர் சரியாகப் பாதி மட்டும் காட்டினால் ஒரு காயில் உறங்குகிறது, அல்லது ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிடும் காயில் ஸ்ப்ளிட் ஸ்விட்ச் இழுத்தபடி இருக்கிறது. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்த அளவு எதையும் சொல்லாது.

பெட்டியில் போட்ட எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று கவலைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.4 சதவீதம் அளவில் ஏறும். 20 டிகிரியில் 8.0 காட்டுகிற பிக்கப், மே மாதம் ஏசி இல்லாத சென்னை அறையில் 8.5-ஐ நெருங்கும். பிக்கப் கெட்டுவிடவில்லை.

இந்த எண்ணை வைத்து எது அதிகச் சத்தம், எது நல்ல சவுண்டு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். டெலிகாஸ்டர் நெக் பிக்கப்பில் (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது; கம்பி முடியும் பாலத்துப் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப்) 43 கேஜ் மெல்லிய வயர் சுற்றுவார்கள்; அதனாலேயே 7 கிலோவுக்கு மேல் காட்டும். 42 கேஜில் சுற்றிய 6 கிலோ ஸ்ட்ராட் பிக்கப் அதற்குச் சத்தத்தில் இளைத்தது இல்லை.

## "ரெண்டு பிக்கப்புக்கும் வித்தியாசமே தெரியல"

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆம்பில் கெயின் எவ்வளவு? டிஸ்டார்ஷன் ஏற ஏற எல்லாப் பிக்கப்பும் ஒரே முகம் காட்டும். க்ளீன் சேனலுக்கு வாருங்கள், ரிவெர்ப், டிலே எல்லாம் அணைத்துவிடுங்கள். பிறகு லேசாக உடைகிற அளவுக்குக் கெயின் ஏற்றிக் கேளுங்கள். ஒரு பிக்கப்பின் குணம் தெரிவது அந்த இடத்தில்தான். க்ளீனில் வித்தியாசம் தெரிந்து ஹை கெயினில் மட்டும் தெரியவில்லை என்றால் கோளாறு ஒன்றும் இல்லை. நீங்கள் வாசிப்பது மெட்டல் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குப் போட்டிருக்கலாம்.

உயரம் ஒன்றா? புதுப் பிக்கப்பைப் போட்டவுடன் பெரும்பாலோர் தொடாமல் விடும் இடம் இது. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்திலிருந்து காந்தக் கம்பத்தின் (கம்பிக்கு நேர் கீழே பிக்கப்பில் தெரியும் உலோக வட்டம்) தலை வரை அளக்க வேண்டும். ஃபெண்டர் தன் வின்டேஜ் பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்குச் சொல்லும் தூரம் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. கிப்சன் ஹம்பக்கருக்கு நெக்கில் 2.4, பிரிட்ஜில் 1.6. இங்கிருந்து தொடங்குங்கள், பிறகு காதுதான் அளவுகோல். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள்.

சத்தம் ஒன்றா? ஒரு டெசிபல் கூடினாலே "இதுதான் நல்லாருக்கு" என்று காது சொல்லிவிடும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டுவராவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது வால்யூமை.

கம்பிக்கு எவ்வளவு வயசு? பழைய பிக்கப்பைக் கேட்டது வியர்வை ஊறிய பழைய கம்பியில். புதுசைக் கேட்டது அன்று மாட்டிய கம்பியில். மினுமினுப்பு முழுக்கக் கம்பியுடையதாக இருக்கும். நம் கடற்கரை ஊர்களில் சாதா நிக்கல் கம்பி சீக்கிரமே செத்துவிடும். ஆகவே இரண்டு தரப்புக்கும் ஒரே பிராண்டு, ஒரே கேஜ், புதுக் கம்பி.

நியாயமாக ஒப்பிட ஆம்பை நம்ப வேண்டாம். ஆடியோ இன்டர்ஃபேஸில் எஃபெக்ட் எதுவும் இல்லாமல் வெறும் கிட்டாரைப் பதிவு செய்யுங்கள். திறந்த கம்பியில் ஒரு ஈ கார்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒவ்வொரு கம்பியாக ஒரு சுரம், பிறகு நீங்கள் தினமும் வாசிக்கும் ஒரு துணுக்கு. பிக் அடிக்கும் இடம் மாறினால் பிக்கப் மாறியதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். அதனால் பிக்கார்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதற்கு நேராகவே வாசியுங்கள். பிக்கப் மாற்றிய பின் அதே பகுதிகளை மீண்டும் பதிவு செய்து, சத்தத்தைச் சமன் செய்து, இரண்டையும் ஒரே ஆம்ப் சிமுலேட்டர் வழியாக விடுங்கள். எது எது என்று தெரியாமல் கேட்க, கோப்புப் பெயரை வீட்டில் யாரையாவது மாற்றிவைக்கச் சொல்லலாம்.

நிஜமாகவே ஸ்விட்ச் மாறுகிறதா? ஆம்ப் சத்தத்தைக் குறைத்துவைத்து, ஒவ்வொரு பிக்கப்பின் கம்பத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டுங்கள். ஸ்விட்ச் எங்கே நிற்கிறதோ அந்தப் பிக்கப் 'டொக்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். நெக் நிலையில் பிரிட்ஜ் பிக்கப் பேசினால் வயர் இடம் மாறியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், இரண்டு பிக்கப்பும் உண்மையில் உறவுக்காரர்களா என்று பாருங்கள். ஆல்நிகோ 5 காந்தம், 42 கேஜ் வயர், 8 கிலோ ஓம் என்று இருக்கும் இரண்டு ஹம்பக்கரை இரண்டு பெட்டியில் வாங்கினால் வித்தியாசம் நூலிழைதான். பி-90-க்கும் ஹம்பக்கருக்கும் இடையிலான தூரம் என்றால் வாசிக்கத் தெரியாதவர்க்கும் கேட்கும். "அசல் 1957 பிஏஎஃப் சவுண்டு" (கிப்சனின் முதல் ஹம்பக்கர்களுக்கு வழங்கும் பெயர்) தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1957-இல் கிட்டார்களில் ஏறிய அந்த ஹம்பக்கர்களே ஒன்றுபோல் ஒன்று இல்லை. சுற்று எண்ணிக்கையும் காந்தமும் மாறிமாறி வந்தன. ஒரு டெமோ வீடியோவில் கேட்டதை அளவுகோலாக வைத்துத் துரத்த வேண்டாம்.

தொழில்முறை ஆள் இங்கே தேவையில்லை.

## மந்தமாக, அடைத்தாற்போல் கேட்கிறது

முதலில் ஒரு கிளை: வேறு கேபிளில், வேறு ஆம்பில் போட்டால் தெளிகிறதா?

தெளிந்தால் கிட்டாரைத் திறக்க வேண்டாம். கேபிளின் கபாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் சுமார். ஸ்ட்ராட் பிக்கப்பின் பளபளப்பு உச்சம் 3 மீட்டர் கேபிளில் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றால், 6 மீட்டரில் 4,000-க்குக் கீழே இறங்கிவிடும். இன்டர்ஃபேஸில் வாசிப்பவர்கள் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது 1 மெகா ஓம் அளவில் இருக்கும் வாசல். லைன் இன்புட் 10 கிலோ ஓம் பக்கம் இருக்கும். அதில் சொருகினால் உலகத்தின் எந்தப் பிக்கப்பும் செத்துத்தான் கேட்கும். "புது ஹம்பக்கர் சரியில்ல" என்று வரும் பையன்களில் பலருக்கு அந்தப் பொத்தானோடு கதை முடிந்துவிடுகிறது.

தெளியவில்லை என்றால் கிட்டாருக்குள்ளே வரிசையாக:

டோன் பாட் முழுதாகத் திறக்கிறதா? குமிழ் நழுவிப் பத்து என்று காட்டிக்கொண்டு ஆறில் நிற்கும். குமிழைக் கழற்றி தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள்.

பாட்டின் அளவு என்ன? சிங்கிள் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே என்பது வழக்கம். ஸ்ட்ராட் உடம்பில் ஹம்பக்கர் போட்டு 250 கே பாட்டை அப்படியே விட்டிருந்தால் மந்தம் அங்கிருந்து வருகிறது. பாட்டின் முதுகில் எழுதியிருப்பதை முழுக்க நம்ப முடியாது, இருபது சதவீதம் முன்பின் சகஜம். 500 கே என்று எழுதிய பாட் 400 காட்டுவதைப் பார்க்கலாம். சென்னை ரிட்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது மீட்டரோடு போய் நான்கை அளந்து நல்லதாக ஒன்றை எடுங்கள். 'பி' என்றால் நேர்கோட்டு வகை, 'ஏ' என்றால் ஆடியோ வகை. 'பி' போட்டாலும் சவுண்டின் நிறம் மாறாது. ஆனால் வால்யூமைக் குறைக்கும்போது வெகுநேரம் ஒன்றும் ஆகாமல், கடைசியில் பொத்தென்று விழும். அமெரிக்க அளவுப் பெரிய பாட் பல ஆசியத் தயாரிப்புக் கிட்டார்களின் துளையில் நுழையாது. வாங்கும் முன் துளையையும் அளந்துவிடுங்கள்.

டோன் கபாசிட்டர்: 223 என்றால் 0.022 மைக்ரோஃபாரட், 473 என்றால் 0.047, 104 என்றால் 0.1. ஹம்பக்கருக்கு முதலாவது, சிங்கிள் காயிலுக்கு இரண்டாவது பொதுவானது. டோன் முழுதாகத் திறந்திருக்கும்போது இந்த எண் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதனால் மந்தத்துக்குக் கபாசிட்டர் மாற்றச் சொல்லும் அறிவுரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மேல் மூடி மாட்டினீர்களா? மலிவான பித்தளை மூடி உச்ச ஒலியை விழுங்கும். நிக்கல் சில்வர் மூடி அந்த அளவுக்கு விழுங்காது.

இன்னும் மந்தமா? நேரடிச் சோதனை. பிக்கப்பின் இரண்டு முனைகளையும் வயரிங்கிலிருந்து விடுவித்து, க்ரோக்கடைல் கிளிப்பால் நேராக ஜாக்கில் கடியுங்கள். பாட், ஸ்விட்ச், டோன் எதுவும் நடுவில் இல்லை. இப்போது தெளிந்தால் பிக்கப் நல்லது, வயரிங்தான் குற்றவாளி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பளிச்சென்று கேட்கும், அது பாட் இல்லாததால். இதிலும் மந்தம் என்றால் பிக்கப்பின் இயல்பே அதுதான். 16 கிலோ ஓம் ஜேபி மாதிரியான ஹாட் பிக்கப்பில் உச்சம் 3,000 ஹெர்ட்ஸுக்கும் கீழே உட்கார்ந்திருக்கும். அதை ஸ்ட்ராட் மாதிரி பாட வைக்க முடியாது. விற்றுவிட்டு வேறு வாங்குவதே வழி.

## காதைக் குத்துகிறது, அடி கனமே இல்லை

இரண்டு பிக்கப் சேர்ந்த நிலையில் மட்டும் மெலிகிறதா? அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

ஒரு பிக்கப் தனியாகவே மெலிகிறது, சத்தமும் குறைவு என்றால் மேலே எடுத்த அளவைப் பாருங்கள். காயில் அறுந்த பிக்கப் முழு மௌனமாகிவிடும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. அறுந்த இடத்தைத் தாண்டி உச்ச ஒலி மட்டும் கசிந்து, கொசு பாடுவதுபோல் கேட்கும். மீட்டர் ஓ.எல். அல்லது நூறு கிலோவுக்கு மேல் காட்டினால் கடைசித் தலைப்புக்கு.

சத்தம் சரிதான், கூர்மைதான் அதிகம் என்றால் சிங்கிள் காயிலுக்கு 500 கே பாட் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். பாட்டை மாற்றக்கூட வேண்டாம். வால்யூம் பாட்டின் இரண்டு ஓரக் கால்களுக்கு இடையில் ஒரு 470 கே ரெசிஸ்டரைச் சால்டர் செய்தால் 250-க்குப் பக்கமாகிவிடும். விலை சில்லறைக் காசு. அதற்கும் முன், பிரிட்ஜ் பிக்கப்பை ஒரு சுற்று இறக்கிப் பாருங்கள்.

## இரண்டும் சேர்ந்தால் மெலிந்து மூக்கால் பாடுகிறது

வேறு வேறு கம்பெனிப் பிக்கப்பைக் கலந்தால் இது அடிக்கடி நடக்கும். ஃபேஸ் எதிரெதிராக இருக்கிறது, அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றது இறங்கி, ஒன்றையொன்று அழிக்கிறது.

கேபிள் முனையில் மீட்டரை முன்புபோலவே வைத்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் உடம்பைக் கம்பங்களின் மேல் படுக்கவைத்துச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு நொடி ஏறும் அல்லது இறங்கும். இரண்டாவது பிக்கப்பிலும் அதையே செய்யுங்கள். ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினால் ஃபேஸ் எதிர். முள் உள்ள பழைய அனலாக் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நான்கு வயர் ஹம்பக்கர் என்றால் தவறு அநேகமாக நிறக் குழப்பம். சீமோர் டங்கனில் கருப்பு ஹாட் (சிக்னல் வரும் வயர்). பச்சையும் மூடாத வயரும் கிரவுண்டு. சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர வேண்டியவை. டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட். பச்சையும் மூடாத வயரும் கிரவுண்டு. கருப்பும் வெள்ளையும் தங்களுக்குள். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைச் சால்டர் செய்தால் காயில் ஒன்றே காணாமல் போகும், அல்லது ஃபேஸ் கவிழும். ஃபேஸைத் திருப்ப ஒரே ஒரு பிக்கப்பில் ஹாட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றினால் போதும். மூடாத வயர் மட்டும் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும்.

டெலிகாஸ்டர் நெக் பிக்கப்பில் அவசரப்படாதீர்கள். அதன் உலோக மூடி கிரவுண்டு முனையோடு ஒரு குட்டி வயரால் இணைந்திருக்கும். அப்படியே இடம் மாற்றினால் மூடி ஹாட் ஆகி, தொட்டாலே இரையும். அந்தக் குட்டி வயரை வெட்டி மூடிக்குத் தனிக் கிரவுண்டு கொடுத்த பிறகே மாற்ற வேண்டும். பின்னல் உறை போட்ட ஒற்றை வயர் ஹம்பக்கருக்கு இதுவும் முடியாது. உள்ளே காந்தத்தைத் திருப்பிப் போட வேண்டும், அதற்கு மூடியின் சால்டரைப் பிரிக்க வேண்டும். இங்கே அனுபவமுள்ள கையிடம் கொடுத்துவிடுங்கள்.

## இரைச்சல்

கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் மெல்லச் சுற்றுங்கள்.

சுற்றும்போது ஹம் ஏறி இறங்குகிறது: சிங்கிள் காயிலின் பிறவிக் குணம். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸையும் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரையும் அது ஆன்டெனாபோலப் பிடிக்கும். செம்பு டேப் ஒட்டினாலும் இந்த ஹம் போகாது. ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போங்கள், கோணம் மாற்றுங்கள். நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று வகையாக இருந்தால் ஸ்ட்ராட்டின் இரண்டாம், நான்காம் நிலைகளில் ஹம் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால், செட்டாக வாங்காமல் ஒற்றையாக வாங்கிய பிக்கப் ஏதோ ஒன்று பொருந்தவில்லை.

கம்பியைத் தொட்டால் குறைகிறது: பொதுவாக எல்லாக் கிட்டாரிலும் கொஞ்சம் இருக்கும். அதிகமாக இருந்தால் குழிக்குள் செம்பு டேப் ஒட்டிக் கிரவுண்டு கொடுப்பது பலன் தரும்.

தொட்டாலும் மாற்றமே இல்லை: பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு வயர் விட்டிருக்கிறது. பிக்கப் மாற்றும்போது இழுபட்டிருக்கும். மீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உடம்புக்கும் இடையே பூஜ்யம் வர வேண்டும்.

தொட்டால் கூடுகிறது: ஜாக்கில் ஹாட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. அது சரியாக இருந்தால் வீட்டு எர்த்தைப் பாருங்கள்.

'ஜ்ர்ர்ர்' என்று கூர்மையான இரைச்சல்: இதற்கு வீட்டைச் சுற்றி வர வேண்டும். படிப்படியாக இல்லாமல் வழுக்கிச் சுழலும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மலிவு எல்இடி பல்பு, லேப்டாப் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். லேப்டாப்பில் பதிவு செய்தால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். கரண்டு போனவுடன் மட்டும் இரைச்சல் பிறக்கிறது என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். எந்தப் பிக்கப்பை மாற்றியும் புண்ணியமில்லை. கரண்டு வரும்வரை காபி குடிக்கலாம்.

## வால்யூம் ஏற்றினால் கீச்சிடுகிறது

மானிட்டர் ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் எந்தக் கிட்டாரும் ஊளையிடும். திசை மாறி நில்லுங்கள். கம்பியைக் கையால் முழுக்க அடக்கியும் கீச்சு நிற்கவில்லை என்றால் பிக்கப் மைக்போல வேலை செய்கிறது. பிளாஸ்டிக் பகுதியை நகத்தால் தட்டினாலே ஆம்பில் கேட்கும். முதலில் மூடி, ஸ்க்ரூ, ஸ்ப்ரிங் ஏதாவது ஆடுகிறதா பாருங்கள். ஸ்ப்ரிங்குக்குப் பதில் ரப்பர் குழாய்த் துண்டு போட்டால் சில சமயம் அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் மெழுகில் தோய்க்க வேண்டும். பாரஃபின் மெழுகில் ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு கலந்து 65 டிகிரி பக்கம் வைத்து ஊற விடுவார்கள். இதை வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள். சூடு கொஞ்சம் எகிறினால் பாபின் (வயர் சுற்றிய பிளாஸ்டிக் சட்டம்) நெளியும், மெழுகு தீப்பிடிக்கும். நெளிந்த பாபினுக்கு மருந்தில்லை. சுற்றித் தருகிறவரிடமே கொடுங்கள்.

## ஒரு கம்பி மட்டும் கத்துகிறது, இன்னொன்று முனகுகிறது

அகௌஸ்டிக் கிட்டாரின் வெண்கலக் கம்பி மாட்டியிருந்தால் தடித்த கம்பிகள் முனகும். காந்தப் பிக்கப்புக்கு நிக்கல் அல்லது ஸ்டீல் கம்பிதான் வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனாலும் வருகிறது.

வின்டேஜ் பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் ஜி கம்பி மட்டும் எகிறினால், அது 1950-களின் மிச்சம். அந்தக் கம்பம் சுற்றுக் கம்பி ஜி-க்காக உயர்த்திவைத்தது. இன்று நாம் மாட்டுவது சாதா ஜி. ஸ்ட்ராட் கம்பத்தைச் சுத்தியலால் தட்டி இறக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். கம்பத்தின் மேலேயே காயில் சுற்றியிருக்கும், உள்ளே அறுந்துவிடும். பிக்கப்பின் மெல்லிய கம்பிப் பக்கத்தை இறக்குங்கள், அல்லது சமதளக் கம்பம் உள்ள பிக்கப் வாங்குங்கள். ஹம்பக்கரில் ஸ்க்ரூ கம்பத்தைத் தாராளமாகத் திருப்பலாம்.

கமகத்துக்காகக் கம்பியை வெகுதூரம் இழுக்கிறவர்களுக்கு, இழுத்த இடத்தில் சத்தம் விழுந்தால் கம்பத்தைவிட்டுக் கம்பி நகர்ந்ததுதான் காரணம். கொஞ்சம் இறக்குங்கள், போதாதென்றால் கம்பத்துக்குப் பதில் முழுநீளப் பட்டை உள்ள பிளேடு வகை. மாண்டலின் சீனிவாஸ் பாணியில் ஐந்து கம்பி எலக்ட்ரிக் மாண்டலின் வைத்திருப்பவர்களுக்கும் ஆறு கம்பக் கிட்டார் பிக்கப்பைவிடப் பிளேடுதான் பொருந்தும்.

## சுருதி அலைகிறது, தடித்த கம்பி நெளிகிறது

மேல் ஃப்ரெட்டுகளில் ட்யூனர் ஒரு சுரத்தில் நிற்காமல் ஆடுகிறதா? பிக்கப்பை இரண்டு மி.மீ. இறக்கிவிட்டு மறுபடி வாசியுங்கள். ஆட்டம் நின்றால் காந்தம் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தது. ஆல்நிகோ 5 கம்பங்கள் உள்ள ஸ்ட்ராட் நெக் பிக்கப்பில்தான் இது அதிகம். நிற்காவிட்டால் கம்பி, நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் பள்ளக் கட்டை), இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி ஒத்துவரும் அமைப்பு) என்று தேடுங்கள், பிக்கப் விடுதலை.

## விட்டு விட்டு வருகிறது, அல்லது வரவே இல்லை

ஜாக்கை ஆட்டிப் பாருங்கள். விட்டுவிட்டு வருவதில் பாதி அங்கேதான். நட்டு தளர்ந்து ஜாக் சுழன்று வயரை முறித்திருக்கும். அடுத்து ஸ்விட்ச், பாட்: கரகரப்பு இருந்தால் கான்டாக்ட் க்ளீனர் ஒரு பீச்சு, இருபது முறை திருகல்.

இ.எம்.ஜி. மாதிரி ஆக்டிவ் பிக்கப் என்றால் முதலில் 9 வோல்ட் பேட்டரி. கேபிளைச் சொருகியிருக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவைக்காவிட்டால் ராத்திரியெல்லாம் தீரும். பேட்டரி புதுசு, ஆனால் வால்யூம் குமிழ் விளக்கு ஸ்விட்ச்போல வேலை செய்கிறது என்றால் 25 கே பாட் இருக்க வேண்டிய இடத்தில் பழைய 500 கே இருக்கிறது.

நேரடிச் சோதனையிலும் மீட்டர் ஓ.எல். காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. கைவிடும் முன் ஒரு இடம் பாருங்கள்: வெளி வயர் காயிலோடு சேரும் கண்ணி. சிங்கிள் காயிலில் அது கண்ணுக்குத் தெரியும். அங்கே பச்சை பூத்திருந்தாலோ மெல்லிய வயர் விட்டிருந்தாலோ, பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் சால்டரில் பிடித்துவிடலாம். உள்ளே அறுந்திருந்தால் மறுபடி சுற்றுவதுதான் வழி. சாதாரணப் பிக்கப்புக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டாது, புதுசு வாங்குங்கள். பழைய, விலை உயர்ந்த பிக்கப்பாக இருந்தால் கிட்டார் பிக்கப்பே சுற்றிப் பழகியவரிடம் கொடுங்கள்.

அப்படி ஒருவர் கிடைக்காமல் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போகிறவர்கள், வயரைக் கேஜ் எண்ணில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்லுங்கள். பிக்கப் உலகம் சொல்லும் 42 அமெரிக்க கேஜ். அதன் செம்பு 0.063 மி.மீ. தடிமன். நம்மூர் வைண்டிங் கடையில் 42 என்றால் பிரிட்டிஷ் கேஜில் 0.10 மி.மீ. எடுத்துச் சுற்றிவிடுவார்கள். ஸ்ட்ராட் காயிலுக்கு வேண்டிய சுமார் 8,000 சுற்று அந்தப் பாபினில் அடங்காது. பிரிட்டிஷ் கணக்கில் கேட்க வேண்டியது 46. சுற்றும் திசையையும் காந்தத்தின் வடதுருவம் எந்தப் பக்கம் என்பதையும் பழைய வயரை அவிழ்க்கும் முன்பே ஒரு சீட்டில் எழுதிப் பிக்கப்போடு கட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் சுற்றி வந்த பிக்கப் நன்றாகவே வேலை செய்யும், மற்றதோடு சேர்ந்தால் மட்டும் மூக்கால் பாடும்.